அங்கிட்டு வைங்க

கொடுக்கிற குணத்தில் கம்பம் பள்ளத்தாக்கை அடிக்க ஆள் கிடையாது. பறம்புமலைப் பாரி முல்லைக்கொடிக்கு ஒரே ஒரு தேரைக் கொடுத்தான். இரண்டாயிரம் வருஷமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் முல்லையாற்றுக்குத் தினம் தினம் கொடுக்கிறோம். பையில் கட்டி, முடிச்சுப் போட்டு, யாரிடமும் சொல்லிக்காட்டாமல் கொடுக்கிறோம். எங்களை ஒரு புலவனும் பாடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அனுமந்தன்பட்டி தெரியாதவர்களுக்கு: தேனியிலிருந்து குமுளி போகிற நெடுஞ்சாலையில், உத்தமபாளையம் தாண்டி, கம்பம் வருவதற்குள் வருகிற பேரூராட்சி. ஒரு பக்கம் கேரள எல்லை மலை, எதிர்ப்பக்கம் மேகமலை. நடுவில் தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், இருபோக நெல். இந்த அமைப்பில் கடவுள் எங்களுக்கு ஒரு சலுகை செய்திருக்கிறார். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்றும் பெரும்பாலும் ஆற்றோடு சேர்ந்தே போகிறது. ஆக, கூடலூரில் தொடங்கித் தேனி வரை எந்த ஊருக்கும் கீழே இன்னொரு ஊர் உண்டு. வேண்டாததை ஆற்றிடம் ஒப்படைக்கலாம். கொளுத்திவிட்டுக் காற்றிடம் ஒப்படைக்கலாம். இரண்டும் கூலி கேட்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலே இருக்கிறவர் அனுப்பியதை முகம் சுளித்து வாங்கிக்கொள்வோம். எங்கள் பங்கையும் அதோடு சேர்த்து, முகம் மலர்ந்து, கீழே இருக்கிறவருக்கு அனுப்புவோம். கல்யாண வீட்டு மொய் மாதிரி வைகை அணை வரை இது போய்க்கொண்டே இருக்கும். அணைக்குக் கீழே மதுரை இருக்கிறது. சங்கம் வளர்த்த ஊர், எதையும் தாங்கும்.

இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருந்த கொடுக்கல் வாங்கலில் சட்டம் மூக்கை நுழைத்தது. குப்பைக்கென்று ஓர் இடம் பார், அங்கே பிரி, மக்குவதை உரமாக்கு, எதற்கும் ஆகாத மிச்சத்தை மட்டும் புதை என்கிறது. 2016-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளில் புதைக்கிற இடத்துக்கு அளவே சொல்லியிருந்தார்கள். ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். குளத்திலிருந்து 200 மீட்டர். நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு எல்லாவற்றிலிருந்தும் 200 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர். இதில் விமான நிலைய விதியை எங்கள் பள்ளத்தாக்கில் எந்த ஊரும் இன்றுவரை மீறியதில்லை. அது மதுரையில் இருக்கிறது.

மற்ற அளவுகளில்தான் கொஞ்சம் இடிக்கிறது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் இங்கே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதற்கு வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், இடையில் கண்மாய், கண்மாய்க்குக் கீழே கிணறு. ஒரு ஊரின் கடைசி வீட்டு வாசலில் நின்றால் அடுத்த ஊரின் முதல் வீட்டில் தாளிக்கிற வாசனை வரும். மேகமலைப் பக்கம் ஒதுங்கலாமென்றால் 2021-லிருந்து அது புலிகள் காப்பகம். மேற்கே போனால் வனத்துறை. அதையும் தாண்டினால் கேரளா. புலிக்கு நிலம் இருக்கிறது. நெல்லுக்கு இருக்கிறது. பிளாட் போட நெல்லிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறோம். குப்பைக்கு மட்டும் பட்டா இல்லை.

ஆகவே கூட்டம் போடுவோம். இது எங்கள் பக்கத்து எந்த ஊர்க் கூட்டத்துக்கும் பொருந்தும். எந்த ஊரென்று தேட வேண்டாம். அந்த ஒற்றுமையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கட்சி, தெரு, பங்காளிச் சண்டை எல்லாம் வாசலில் செருப்போடு கழன்றுவிடும். உள்ளே ஒரே குரல்.

"குப்பை பிளாண்ட் கட்டாயம் வேணும் தலைவரே. ஊரே நாறிப் போய்க் கெடக்கு. ஆனா இங்கிட்டு வேணாம். அங்கிட்டு வைங்க."

அங்கிட்டு என்று கை நீள்கிற திசையில் இருக்கிறவர் எழுந்திருப்பார். "அங்கிட்டு நம்ம கொழுந்தியா வீடு இருக்குண்ணே." கை உடனே கொஞ்சம் திரும்பும். அங்கே ஒருத்தருக்குத் தோப்பு. இன்னும் கொஞ்சம் திரும்பும். அங்கே ஒருத்தர் வயலை மூடி, கல் ஊன்றி, ஆர்ச் கட்டி, மகள் பேரில் ஒரு நகரையே உண்டாக்கி வைத்திருக்கிறார். இதுவரை ஒரு குடும்பமும் குடிவரவில்லை. அதனால் என்ன, வரப்போகிறவர்களுக்கும் மூக்கு இருக்குமே? பிறக்காத மூக்குக்கும் சேர்த்து யோசிக்கிற ஜனங்கள் நாங்கள். மாமன், மச்சான், சம்பந்தி, சீட்டுப் பிடிக்கிறவர், வட்டிக்குக் கொடுத்தவர் என்று ஒவ்வொரு உறவுக்கும் உரிய மரியாதை கொடுத்துக்கொண்டே அந்தக் கை ஊரை ஒரு சுற்றுச் சுற்றும். கடைசியில் ஒரு திசையில் வந்து நிற்கும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்தத் திசையிலிருந்து யாரும் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அது காலனிப் பக்கம். சுடுகாட்டை ஒட்டின ஓடைப் புறம்போக்கு. எதிரே தொகுப்பு வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வராததற்கு வருத்தப்படக்கூடாது. வேலையாக இருப்பார்கள். கூட்டத்தில் இருக்கிறவர்கள் வீட்டு வாசலில் குப்பை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இந்த முடிவில் உள்ள கரிசனத்தை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வதில்லை. தூய்மைப் பணியாளருக்கு வேலைபார்க்கிற இடம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பஸ் செலவு மிச்சம். பகலில் நாள் முழுக்க அள்ளிப் பிரித்ததை ராத்திரி பாயில் படுத்துக்கொண்டே மூக்கால் மேற்பார்வை பார்க்கலாம். அவர்கள் பிள்ளைகளுக்கும் தொழில் வாசனை சின்ன வயதிலேயே பழகிவிடும். எந்த முதலாளி இவ்வளவு செய்வான்? தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்.

எல்லாக் கூட்டத்திலும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருப்பார். காரியத்தைக் கெடுப்பது அவருக்கு வழக்கம். "இதுல பாதிக்கு மேல சோத்து மிச்சமும் காய்த்தோலும்தானே? கொல்லையில ஒரு குழி வெட்டினா கிடங்குக்கு வேலையே கொறஞ்சிரும். அப்பறம் எதுக்கு ஆளாளுக்கு இடத்துக்குச் சண்ட?" என்பார். கூட்டம் நிதானம் இழக்காது. "சார், நாங்க இடத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க உக்காருங்க சார்" என்று மரியாதையாகச் சொல்லி உட்கார வைத்துவிடும். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு இம்மி விலகாத சபை.

இடம் முடிவாகிவிட்டால் அரசாங்கமும் தாராளமாக நடந்துகொள்ளும். வெறும் கிடங்கென்று சொன்னால் மனசு சங்கடப்படுமே என்று, வளம் மீட்புப் பூங்கா என்று பலகை வைக்கும். தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் குப்பைக் கிடங்குக்கு இப்போது அதுதான் பெயர். நன்றாக நடக்கிற பூங்காக்களும் உண்டு. மண்புழு உரம் விற்கிறார்கள், வாழை வைத்து வளர்க்கிறார்கள். அவர்களைப் பாராட்டுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நான் வியப்பது மற்றப் பூங்காக்களை. அரவை இயந்திரம், வந்த நாளில் போட்டிருந்த பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாமல் நிற்கும். உரத்தொட்டியில் அடித்த பச்சைப் பெயின்ட் கீறல் விழாமல் மினுங்கும். தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு, என்ன அழகு, என்ன மெருகு என்று ஔவை வாயாரப் புகழ்ந்தாளாம். அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. எங்கள் கருவிகள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பூங்காவுக்குப் பின்னால் புகை வருகிறதே என்று கேட்பீர்கள். போகிப் பண்டிகையை வருஷத்துக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு மனசு வரவில்லை.

பாதிக் குப்பை பூங்கா வரை போவதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு கலை இருக்கிறது.

விடியற்காலை ஐந்தரை மணி. டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் பால் கேன், இடது ஹேண்டிலில் தொங்குகிற கேரி பேக். வாய்க்கால் பாலம் நெருங்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் யாரென்று தெரிந்துவிடும். பாலத்துக்குப் பத்தடி முன்னாலேயே பையை எடுத்து, ஒரே வீச்சில், கைப்பிடிச் சுவரைத் தாண்டி நடுத்தண்ணீரில் விழும்படி விட வேண்டும். பழகாதவன் போட்டால் சுவரில் பட்டு வெடிக்கும்: நேற்றைய ரசம், முட்டை ஓடு, மாத்திரை அட்டை, உடைந்த வளையல், பிள்ளையின் டயப்பர். ஒரு வீட்டுக் கதை முழுக்கப் பாலத்தில் கிடக்கும். தேர்ந்த கையாக இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. பை உப்பிக்கொண்டு மிதந்து போகும். இரண்டு பர்லாங் தள்ளி மடையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பாய்ச்ச வந்த வயல்காரர் முழங்கால் அளவில் இறங்கி, வெறுங்கையால் வாரிக் கரையில் போடுவார். அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். அவர் திரும்ப இறங்குவார். விவசாயிக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது?

குப்பை வண்டி வாசலுக்கே வரவில்லையா என்றால், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. அதில் போடுவதில் ஒரு கௌரவப் பிரச்சினை. பச்சைத் தொட்டியில் மக்குவது, நீலத் தொட்டியில் மக்காதது என்று வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்கிறார்கள். நம்ம வீட்டுக் குப்பையை நாமே கையால் தொடுவதாவது? அதற்குத்தான் காலங்காலமாக ஆள் வைத்திருக்கிறோமே.

இனி அண்டை மாநிலத்தோடு எங்களுக்குள்ள உறவைச் சொல்ல வேண்டும். தண்ணீர் விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிக் கொடுத்த பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இன்றைக்கும் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறோம். 2011 டிசம்பரில் அணைக்கு ஆபத்து என்றதும் ஊர் ஊராகத் திரண்டு குமுளி நோக்கி நடந்தோம். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதும் வெடி போட்டோம். தண்ணீருக்கு அடிக்கணக்குப் பார்த்துப் பார்த்து வாதாடுகிறோம். குப்பைக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. இங்கிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டி வெறுமனே திரும்பினால் டீசல் நஷ்டம் அல்லவா? கோழிக்கழிவையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வாசல் வைத்திருக்கிறோம். அவ்வப்போது ஒரு வண்டி மடக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, செய்தியாகும். மடக்கப்படாத வண்டிக்குப் படம் கிடையாது.

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்காரர்கள் எங்களையும் மிஞ்சிவிட்டார்கள். கொடகநல்லூர், நடுக்கல்லூர், பலவூர்ப் பக்கங்களில் மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் போட்ட தாள்கள் உள்ளேயே இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் எடுத்துக்கொண்டு போ என்று கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ல் கேரள அதிகாரிகள் லாரியோடு வந்து அள்ளத் தொடங்கினார்கள். போன குப்பை வந்த வழியே திரும்புவது இந்தப் பூமியில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை, நாங்கள் பெருமைப்பட்டோம். கைதானவர்களில் நம்ம பக்கத்து ஆட்களும் இருந்ததை அந்தப் பெருமையில் சேர்க்கவில்லை. எல்லை தாண்டி வந்தால் குப்பை மாநில உரிமைப் பிரச்சினை. நம்ம ஊர் எல்லை தாண்டிப் பக்கத்து ஊர் ஓடைக்குப் போனால் அது பழக்கவழக்கம். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் நியாயம் பேசுவார்கள்.

திருவனந்தபுரத்துக் குப்பை ஏன் இவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. அந்த நகரம் விளப்பில்சாலை என்ற கிராமத்தில் பத்து வருஷத்துக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தது. 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே அங்கிருந்த குப்பை ஆலைக்குப் பூட்டுப் போட்டது. அடுத்த வருஷம் போலீஸ் பாதுகாப்போடு திறக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் ரோட்டில் படுத்துவிட்டார்கள். ஆலை திறக்கவே இல்லை. கொட்ட இடம் போனதும் பாவம், படித்த நகரத்து ஜனங்கள் வீட்டில் குழாய் நட்டும் வார்டுக்கு வார்டு தொட்டி வைத்தும் உரம் தயாரிக்கிற நிலைமைக்குத் தள்ளப்பட்டார்கள். அப்படி ஒரு தாழ்வு நமக்கு வந்துவிடக் கூடாது என்பதால்தான் நாங்கள் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காலனிக்காரர்கள் பூட்டு வாங்குகிறவர்கள் அல்ல என்பது எங்களுக்குள்ள தைரியம்.

பெரிய ஊர்களும் எங்கள் வழியில்தான் நடக்கின்றன. சென்னை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று, தினம் 2,100 டன்னை அங்கேயே எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று திட்டம் போட்டிருக்கிறது. 2025 மே மாதம் வடசென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள். கொழும்பு இன்னும் சீக்கிரம் கற்றுக்கொண்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, மீத்தொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குப்பையை மலையாகக் குவிக்கிற ஊருக்குள் ஏழைகளைக் குடிவைத்தது தப்பு என்று அரசாங்கம் உணர்ந்தது. ஆகவே ரயிலில் ஏற்றி, நூறு மைல் தள்ளிப் புத்தளத்துப் பக்கம் அருவக்காட்டுக்கு அனுப்புகிற திட்டத்தில் இறங்கியது. புத்தளத்துக்காரர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அவர்களுக்குக் கீழே இன்னொரு ஊர் இல்லை, கடல்தான் இருக்கிறது. அதுதான் கோபம்.

கடலிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1987 மார்ச்சில் அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்து இஸ்லிப் என்ற ஊரின் குப்பையை, சுமார் 3,100 டன், மோப்ரோ 4000 என்ற மிதவையில் ஏற்றி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வட கரோலினா வேண்டாம் என்றது. அதற்குக் கீழே இருந்த மாநிலங்களும் வேண்டாம் என்றன. மெக்சிகோ கடற்படையை நிறுத்தி விரட்டியது; பெலிஸ், பஹாமாஸ் எல்லாம் கையை விரித்தன. மாதக்கணக்கில் சுற்றியது. அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது. கடைசியில் புரூக்ளினில் எரித்து, சாம்பலை இஸ்லிப்பிலேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவ்வளவு டீசல் செலவழித்தும் சொந்த ஊருக்குக் கீழே இன்னொரு ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்திருந்தால், அரை மணி நேரத்தில் காலனிப் பக்கம் கை காட்டி அனுப்பியிருப்போம்.

இதைப் படிக்கிற அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி, உத்தமபாளையத்து ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டம் போடும்போது தவறாமல் வந்துவிடுங்கள். எங்கே வைப்பது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்ம வீட்டுப் பையில் என்ன இருக்கிறது, அதை யார் கையால் பிரிக்கிறது, காலனியிலிருந்து ஏன் ஒருத்தரைக்கூடக் கூப்பிடவில்லை என்று யாராவது பேச்சை மாற்றினால், வாத்தியார் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், உட்காரச் சொல்லுங்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு, கப்பை சன்னல் வழியாக வெளியே வீசிவிட்டு வாருங்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை.